வேண்டாவின் இடது கால்

வேண்டா பிறக்கும்போது கால்தான் முதலில் வெளியே வந்தது. தலை வர வெகு நேரமாயிற்று. தாய் பிழைப்பாளா என்று வாசலில் நின்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஏற்கெனவே வரிசையாகப் பெண்கள் இருந்த வீடு. இதோடு போதும் என்று கடவுளுக்குத் தெரியப்படுத்துவதற்காக அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அதே பெயரில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், அதனால் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது யாரும் சிரித்ததில்லை.

ஆனால் காலால் பிறந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. குறுக்குப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் வருகிறவரைக் குப்புறப் படுக்க வைத்து, அப்படிப் பிறந்தவர் விடியற்காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் இடது காலால் முதுகை மூன்று முறை நீவி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும். விட்டுவிடுவதாக நம்புகிறார்கள் என்று எழுதினால்தான் படித்தவர்களுக்குத் திருப்தி. ஆனால் படித்தவர்களும் பிடித்துக்கொண்டால் வந்து படுக்கத்தான் செய்தார்கள். மூன்று நாள் பொறுத்திருந்தால் பிடிப்பு தானாகவே விட்டிருக்குமோ என்று சோதித்துப் பார்க்கிற பொறுமை ஒருத்தருக்கும் இருந்ததில்லை. வலி இருப்பவனிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேச முடியுமா என்ன.

பெண் பிள்ளை போதும் என்றவர்கள் அவள் காலைத் தேடி வந்தார்கள். முறுக்கு மீசைக்காரர்கள், பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள், அவள் அப்பாவை மதிக்காதவர்கள் எல்லாரும் சிறுமியின் காலடியில் முகத்தைத் தரையில் வைத்துக் கிடந்தார்கள். மிதித்து முடித்ததும் பெரியவர்களை மிதித்த பாவம் போக அவள் அவர்கள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வேண்டாவுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. படிப்பில் சுமார், நிறத்தில் மட்டு, வாயைத் திறந்தால் சண்டை. வேறு எதற்காகவும் அவளை யாரும் தேடி வந்ததில்லை.

கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனபோது அந்தக் காலின் பெயர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் விஷயம் பரவியது. படுக்கை விரிப்புகளை மலையாகக் குவித்து வைத்திருக்கும் அறையில், காலை ஷிப்டு தொடங்குமுன், சமையல்காரரும் வாட்ச்மேனும் தோட்டக்காரரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். அந்த விடுதியிலேயே வெளிநாட்டுக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட ஏசி போட்ட கூடம் ஒன்று இருந்தது. அதன் மேனேஜருக்கே ஒரு நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் டை கட்டியபடியே வந்து அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் குப்புற விழுந்த கதையை வேண்டா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுடைய புருசனுக்குத்தான் ஆடி மாதம் குறுக்கு வலி வந்தது.

உலகநாதன் வேன் டிரைவர். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து சிறுசேரிக் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, மறு ஷிப்டு ஆட்களை ஏற்றி வருகிற வேலை. டிரைவருக்கு முதுகு வலி வருவதும் மீன்காரிக்குக் கையில் வாடை வருவதும் ஒன்றுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டு சரியில்லை என்றார்கள். ரோட்டுப் பள்ளத்தைத் திட்டினார்கள். சாயந்தரமானால் உடம்பு கணகணவென்று கொதித்தது. ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினார்கள். சட்டை தொளதொளவென்று ஆனதற்கு ஷிப்டு மாறி மாறிப் போவதால் தூக்கம் கெட்டுவிட்டது என்று ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்ததால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னாய்யா பண்ணுது?" என்று வேண்டா கேட்டாள்.

"நடு முதுவுல ஆணி அடிச்சா மாதிரி கீதுமே. குனிஞ்சா குத்துது, நிமிந்தாலும் குத்துது."

"நான் ஒருத்தி வூட்லயே கீறேன், நீ ஊரெல்லாம் தைலம் வாங்கினு திரியற. படு."

அவன் படுக்கத் தயார்தான். அவன் அம்மா கன்னியம்மாதான் குறுக்கே நின்றாள்.

"புருசன் முதுவுல பொண்டாட்டி கால் வெக்கறதா? ஊர் சிரிக்கும்டி. ஊரான் முதுவ மிதிச்ச மாதிரியா இது?"

மகனின் முனகலைச் சில நாள் கேட்ட பிறகு அவளே இறங்கி வந்தாள். முதுகின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் கால் நேராகப் படாது, பாவமும் சேராது என்று வழி கண்டுபிடித்தாள். அன்று முதல் தினமும் விடியலில், உலகநாதன் வேன் எடுக்கப் போகுமுன், கூடத்தில் அவன் குப்புறப் படுப்பான், கன்னியம்மா துண்டை விரிப்பாள், வேண்டா சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை வைப்பாள். மிதித்ததும் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். மத்தியானத்துக்குள் ஆணி திரும்ப வந்துவிடும்.

கூட வண்டி ஓட்டுகிற ஜெயக்குமார் புரட்டாசியில் அவனை விடாப்பிடியாக ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். டாக்டர் தட்டிப் பார்த்தார், காய்ச்சலைப் பற்றிக் கேட்டார், மாத்திரை தந்தார், ஸ்கேன் எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே வரச் சொன்னார். அவர் சரியாகத்தான் சொன்னார். இவர்கள்தான் போகவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி மட்டுப்பட, அந்தப் பெயரும் வேண்டாவின் காலுக்குப் போயிற்று.

ஐப்பசியில் ஒரு காலை, துண்டுக்கு அடியில் அவள் உள்ளங்காலில் ஏதோ உறுத்தியது. முதுகெலும்பு வரிசையில் ஒரு கணு மட்டும் வெளியே தள்ளி நின்றது. முந்தின நாள் வரை அவள் அதைக் கவனித்ததில்லை. இத்தனை வருசத்தில் எத்தனையோ முதுகுகளை அவள் கால் பார்த்திருக்கிறது. பிடிப்பு இருக்கிற இடத்தில் சதை கட்டியாக இறுகி நிற்கும், மிதிக்க மிதிக்க இளகிக் கரையும். அதுதான் அவளுக்குத் தெரிந்த பாடம். இதுவும் அதுதான் என்று நினைத்தாள். உள்ளே மாதக்கணக்காக ஒளிந்திருந்த பிடிப்பு கடைசியில் தன் காலுக்குப் பயந்து வெளியே வருகிறது என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சதை மாதிரி இல்லையே, எலும்பு மாதிரி இருக்கிறதே என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதை அவள் அதட்டி உட்கார வைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜெயக்குமார் ஸ்கேன் ஸ்கேன் என்று உயிரை எடுப்பான். ஊரெல்லாம் ஜெயித்த கால் சொந்த வீட்டில் தோற்றது என்று பேச்சு வரும். அந்தக் கால் இல்லாவிட்டால் தான் யார் என்ற கேள்வியை வேண்டா அதுவரை தன்னிடமே கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அதனால் மறுநாள் முதல் சுவரைப் பிடிப்பதை விட்டுவிட்டு, அந்த மேட்டின் மேல் தன் முழுப் பாரத்தையும் ஏற்றி நின்றாள்.

பலன் தெரிந்தது. அதுதான் கொடுமை. மார்கழி பிறந்தபோது உலகநாதன் தரையிலிருந்து முகத்தைத் திருப்பிச் சிரித்தான்.

"ஏமே, ஆணியக் கழட்டிட்ட நீ. வலியே தெர்லமே."

கன்னியம்மா தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். டாக்டரால் ஆகாததை என் மருமகள் கால் செய்தது என்றாள். மருமகளைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. வேண்டா அன்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

ஜெயக்குமாருக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ஒரு நாள் டீக்கடையில் வேண்டாவின் எதிரிலேயே கேட்டான்.

"மச்சான், நீ இன்னா வண்டி ஓட்டசொல்ல குனிஞ்சி குனிஞ்சி கீழ பாக்கற? கிளச்சு மேல கால் கீதான்னு கண்ணால பாத்துதான் தெரிஞ்சிக்கணுமா?"

"செருப்பு புச்சுடா. வழுக்குது" என்றான் உலகநாதன்.

பொங்கல் முடிந்த வாரம். வழக்கம்போல் படுத்தான். வழக்கம்போல் துண்டு. வேண்டா ஏறி நின்று மூன்று முறை நீவினாள். மேட்டைத் தாண்டி இடுப்புக்குக் கீழேயும் நீவினாள். இரண்டு நாளாகக் கால் கனமாக இருப்பதாகச் சொல்லியிருந்தான், அதனால் தொடை வரைக்கும் இறங்கி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, மணி ஆவுது. இன்னும் தொடைல கால வெக்கலயா?" என்றான் அவன்.

வேண்டா குனிந்து பார்த்தாள். அவள் இடது கால் அவன் தொடையின் மேல் இருந்தது. விரல்கள் சதையில் பதிந்திருந்தன. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவன் இன்னும் அவள் காலுக்காகக் காத்திருந்தான். இறங்கி, எழுந்திரு என்றாள். அவன் கையை ஊன்றி மேல் பாதியைத் தூக்கினான். கீழ்ப் பாதி பாயோடு கிடந்தது. கன்னியம்மா ஓவென்று கத்திய கத்தலில் தெருவே கூடியது.

ஜெயக்குமாரின் வேனில் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஹரிப்ரியா என்கிற சின்ன வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, நின்றுகொண்டே பேசினாள். முதுகெலும்பில் டி.பி. என்றாள்.

"அது நெஞ்சுலதானம்மா வரும்? இவன் இருமவே இல்லியே" என்றாள் கன்னியம்மா.

"எலும்புலயும் வரும்மா. உள்ளயே அரிச்சிருக்கு. எலும்பு இடிஞ்சு நரம்பை நசுக்குது. உடனே ஆபரேஷன் பண்ணணும். மருந்து ரொம்ப மாசம் சாப்பிடணும்" என்றாள் டாக்டர். பிறகு அவனைப் புரட்டி முதுகைத் தடவினாள். "இந்த மேடு எப்போலருந்து இருக்கு?"

"இப்பதாம்மா பாக்கறோம்" என்றாள் கன்னியம்மா. அவள் சொன்னது உண்மைதான். அவள் தினமும் பார்த்தது துண்டை மட்டும்தான்.

வேண்டா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் புருசனின் முதுகில் டாக்டரின் விரல் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"ஐப்பசிலருந்து கீதும்மா. எனக்குத் தெரியும். என் கால்ல பட்டுது. நான் அது மேலயே ஏறி மிதிச்சன். தெனம் மிதிச்சன்."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் வேண்டாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே யார் முதுகையும் மிதிக்காதீங்க" என்றாள் டாக்டர்.

"என்னாலதான் ஆச்சாம்மா?"

"அப்படின்னு என்னால சொல்ல முடியாது. நோய் முன்னாடியே இருந்தது. நீங்க மிதிக்காம இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னும் என்னால சொல்ல முடியாது."

குற்றவாளி என்று சொன்னால் தலை குனிந்து நிற்கலாம். இல்லை என்று சொன்னால் நிம்மதியாக அழலாம். இரண்டும் கிடைக்காமல் வேண்டா வார்டுக்கு வெளியே வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆபரேஷன் முடிந்து நினைவு தெளிந்த பிறகு ஒரு மத்தியானம், பார்வையாளர்கள் போய் வார்டு அடங்கியிருந்த நேரத்தில், உலகநாதன் அவளைக் கிட்டே கூப்பிட்டான்.

"நீ ஏன்மே டாக்டராண்ட சொன்ன?"

"கேட்டாங்க. சொன்னன்."

"எனக்குந்தான் தெரியும்." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "நீ மிதிச்சி எறங்கனதும் காலு மதமதன்னு ஆவும். கொஞ்ச நாழி எங்கயோ போன மாதிரி. வலியும் அதோட போய்டும். சொன்னா நீ நிறுத்திடுவ, வலி திரும்ப வந்துரும். அதான் வாயத் தொறக்கல. எனக்கு அந்த வலி போனா போதும்னு இருந்துச்சி."

வலி குறைந்துவிட்டது என்று இரண்டு பேரும் சந்தோசப்பட்ட நாளெல்லாம் கால்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் கேசரி கிண்டியது அதற்குத்தான். இதை வேண்டா புரிந்துகொண்டபோது அழவில்லை. புடவையை இழுத்து இடது காலை மூடிக்கொண்டாள்.

இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாமலே வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில், அவன் தினமும் படுத்த அதே இடத்தில், கட்டில் போட்டார்கள். இப்போது மல்லாந்து படுக்கிறான். தலையணை தாழ்வாக வைக்க வேண்டும் என்பதால் அவனுக்குக் கூரையைத் தவிர எதுவும் சரியாகத் தெரியாது. வேண்டா சலவை வேலையை விட்டுவிட்டாள். புண் வராமல் புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், மூத்திரக் குழாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னியம்மா அவளைத் திட்டவில்லை. கட்டிலைத் தாண்டிப் போகும்போது மட்டும், "கால் படாம தள்ளிப் போ" என்பாள். மாசக்கணக்காக அந்த ஒரே வாக்கியம்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே போய்வந்தது.

ஊருக்கு வாய் சும்மா இருக்குமா. வேண்டாவின் கால்தான் அவனை முடக்கியது என்று ஒரு கட்சி. மிதிப்பதை நிறுத்தி ஆபரேஷன் செய்ததால்தான் முடங்கினான் என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சி வேண்டாவை இன்னும் வதைத்தது. ஏனென்றால் அவர்கள் தொடர்ந்து வந்தார்கள். வாசலில் குனிந்தபடி நின்று, "அது டி.பி. தாயி, எனக்கு வெறும் புடிப்புதான், ஒரு மிதி மிதிச்சிடு" என்று கெஞ்சினார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். தலைக்கனம் பிடித்தவள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

டாக்டர் ஹரிப்ரியா அனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தாள். நரம்பு திரும்பி வருவதாக இருந்தால் நடை முதலில் வராது. சுருக்கென்று குத்தும், எரியும். வலிதான் முதலில் வரும். வந்தால் நல்லது.

ஆக, பிறந்ததிலிருந்து ஊரார் வலியை விரட்டிய வேண்டா இப்போது புருசனுக்கு வலி வர வேண்டும் என்று திருக்கழுக்குன்றத்து மலைமேல் இருக்கிற வேதகிரீஸ்வரரிடம் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். தினமும் காலையில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எண்ணெய் தடவி விரல் விரலாக அழுத்துவாள். கட்டை விரலைக் கிள்ளி, "வலிக்குதா?" என்பாள். "இல்லமே" என்பான். மருந்து ஒழுங்காக நடந்தது, காய்ச்சல் போனது, உடம்பில் கொஞ்சம் சதைகூடப் போட்டது. கால் மட்டும் அப்படியே கிடந்தது. அந்த "இல்லமே"யைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதில்லை என்று தெரியும். அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கூடம் வரைக்கும் கேட்கும்.

மழை விட்ட ஒரு காலை. வேண்டா கால்மாட்டில் வந்து உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு எங்கிருந்தோ வந்த ஒரு அயர்ச்சியில், சும்மா அவன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆ!" என்றான் உலகநாதன். "ஏமே! வலிக்குதுமே."

அவள் நிமிர்ந்தாள். அவன் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எங்கய்யா?"

"கட்ட விரல்லதான். நீ கிள்ற எடத்துல. சுருக்குனுது பாரு."

வேண்டாவின் இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன. அவள் கைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் யாருக்காக இதைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கட்டை விரலை எடுத்து நகம் பதியுமளவுக்குக் கிள்ளினாள். ரத்தம் கன்றிச் சிவந்தது. அவன் சிரித்தபடியே இருந்தான்.

"இப்ப?" என்றாள்.

அவள் கேட்ட பிறகுதான் அவன் முகத்தைச் சுளித்தான். "இப்ப இன்னும் ஜாஸ்தி கீது."

சத்தம் கேட்டுக் கன்னியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மகனைக் கேட்காமல், மாதக்கணக்கில் முகம் பார்க்காத மருமகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாடி? இன்னா சொல்றான்?"

வேண்டா அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாம் அத்த" என்றாள்.